பவுனுவின் நஞ்சுக்கொடி

அத்தியாயம் 14

டோக்கன் நம்பர் பதினேழில் வந்து நின்றுவிட்டது. குழலியின் கையில் இருந்தது இருபத்திரண்டு.

டாக்டர் அனுபமா நல்ல டாக்டர். நல்ல டாக்டர் என்றால் தில்லை நகரில் அரை நாள் போயிற்று என்று அர்த்தம். பெஞ்சு முழுக்க வயிற்றுப்பிள்ளைக்காரிகளும், அவர்களுக்குத் துணை வந்து அலுத்துப்போனவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கத்தில் சித்ரா. குழலியின் கொழுந்தன் செந்தமிழனின் மனைவி. ஐந்து மாத வயிற்றோடு, துறையூருக்கு வடக்கே இருக்கும் புளியங்கரட்டிலிருந்து காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். பஸ்ஸில் வராதே, நான் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று குழலி படித்துப் படித்துச் சொன்னாள். அடுத்தவருக்குச் சிரமம் கொடுப்பது என்றால் சித்ராவுக்கு ஆகவே ஆகாது.

பங்குனி வெயிலிலும் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். இப்போது காய்ச்சல் இல்லை. சாயங்காலம்தான் வரும். மாசி மாதம் பிடித்தது இது. நாலு நாள் வரும், இரண்டு நாள் போகும். ஜாக்கெட் நனைய வேர்க்கும். இடுப்பு விட்டுப்போகும். மாசமாக இருப்பவளுக்கு இடுப்பு வலிக்காமல் வேறு என்ன செய்யும் என்று ஊர் சொல்லிவிட்டது.

"என்ன டெஸ்ட்டுக்கா அது? ரிப்போர்ட் வர ஒரு வாரமா?"

"வெளியூருக்கு அனுப்பிப் பார்ப்பாங்க, சித்ரா. அதான் லேட்டு."

போன வாரம் இதே பெஞ்சில் உட்கார வைத்துத்தான் சித்ராவின் இரத்தத்தை எடுத்தார்கள். சும்மா ஒரு டெஸ்ட் என்று குழலி சொன்னாள். சித்ரா நம்பினாள். ஓரகத்தி படித்தவள், அதுவும் டாக்டர். மாட்டு டாக்டர்தான் என்றாலும் டாக்டர் டாக்டர்தானே!

குழலி பொய் சொன்னது அதோடு நிற்கவில்லை. ரிப்போர்ட் விடியற்காலையிலேயே அவள் போனுக்கு வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டு அடுப்படியில் நின்றபடி அதைப் படித்துவிட்டு, கணவன் நவநீதனுக்குக்கூடச் சொல்லாமல் அவனைக் கைலாசபுரத்துத் தொழிற்சாலைக்கு ஷிஃப்டுக்கு அனுப்பி வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, நோயின் பெயர். அதை அனுபமாவே சொல்லிவிடுவார். இன்னொன்று, அந்த நோய் சித்ராவின் உடம்புக்குள் எந்த வழியாகப் போனது என்பது. அதைக் குழலிதான் சொல்லியாக வேண்டும். வழியைக் காட்டிவிட்டதே அவள்தான்.

பத்தொன்பது நாளாக அவள் இதை மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

டோக்கன் பதினெட்டு உள்ளே போனது.

* * *

போன ஆடிக்கு முந்தின ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பவுனு என்பது மாட்டின் பெயர். சித்ராவின் அம்மா கல்யாணச் சீரோடு ஓட்டி அனுப்பிய ஜெர்சிக் கலப்புப் பசு. அது ஏழு மாதச் சினையில் கன்றை வீசிவிட்டது. கன்று செத்து விழுந்தது. நஞ்சுக்கொடி மட்டும் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

செந்தமிழன் லாரியோடு நாக்பூர்ப் பக்கம் போயிருந்தான். மாமியார் மாரியாயி ஒரு சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போயிருந்தாள். சித்ரா தனியாள். பகல் இரண்டேகால் மணிக்குக் குழலிக்குப் போன் அடித்தாள்.

"அக்கா, கொடி விழவே மாட்டேங்குது. நாத்தம் எடுக்குது. மாடு படுத்துக்கிச்சு. கொஞ்சம் வரீங்களா?"

ஸ்ரீரங்கத்திலிருந்து புளியங்கரட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம். மூன்று மணிக்குக் குழலிக்குப் பரீட்சை. லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, கேமராவைப் போட்டு, மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுத வேண்டிய பரீட்சை. முதல் பருவத்தின் கடைசித் தேர்வு.

படித்து முடித்துப் பத்து வருஷம் ஆன டாக்டருக்கு இன்னும் என்ன பரீட்சை என்று மாரியாயி கேட்ட கேள்வியை நீங்களும் கேட்கலாம். பச்சைமலை அடிவாரத்துக் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்கிறவள் குழலி. அவளிடம் ஆடும் மாடும் மட்டும் வருவதில்லை. தோட்டத்தில் செத்துக் கிடக்கும் மயில், வாயில் நுரையோடு விழுந்த நரி, கிணற்றில் மிதந்த புள்ளிமான், எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். பெரும்பாலும் அவளுக்குப் பதில் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையவழியாக நடத்தும் இரண்டு வருஷப் படிப்பில் சேர்ந்தாள். காட்டு விலங்கு, வீட்டு விலங்கு, மனிதர் ஆகிய மூன்றின் உடல்நலத்தையும் பிரிக்காமல் பார்க்கும் மருத்துவம் அது.

"நரிக்கு வைத்தியமா? அது உன்னைத் தேடி டோக்கன் போட்டுட்டு வருமா?" என்று மாரியாயி சிரித்தாள். குழலியும் சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருந்தகமும் மூடியிருந்தது. தெரிந்த டாக்டர் ஒருவரைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மணி இரண்டு இருபது.

"சித்ரா, வீடியோ கால் போடு. நான் சொல்லச் சொல்ல செய். கையை விட்டுப் பதமா கழட்டணும். கிளவுஸ் இருக்கா?"

"இல்லக்கா."

"சரி, பரவாயில்ல. கையைக் கழுவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கோ."

பரவாயில்ல. அந்த ஒற்றைச் சொல்லைத்தான் குழலி இப்போது தினமும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கன்று வீசிய மாட்டின் கொடியை வெறுங்கையால் தொடக்கூடாது என்பது கால்நடைப் படிப்பில் முதலிலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம். ஆனாலும் நம் பக்கத்து மாட்டு டாக்டர்களில் பாதிப் பேர் வெறுங்கையால்தான் எடுக்கிறார்கள். அவளும் எடுத்திருக்கிறாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிற தைரியத்தில் அடுத்தவள் கையை உள்ளே விடச் சொல்லிவிட்டாள்.

சித்ரா கெட்டிக்காரி. இருபது நிமிஷத்தில் எடுத்துவிட்டாள். அப்புறம் ஊர் வழக்கப்படி கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, ரோட்டோரத்து ஆலமரத்தில் உயரக் கட்டிவிட்டு வந்தாள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. ஆண்கள் செய்கிற வேலை அது. வீட்டில் ஆண் இல்லை, அவளே செய்தாள். சாக்கில் வடிந்தது அவள் முழங்கை வரை ஒழுகியது.

அன்றைக்கு அவள் ஒரு மாதம் முழுகாமல் இருந்தாள். அது அவளுக்கே தெரியாது.

ஐப்பசியில், நாலாம் மாதம், அந்தக் கரு கலைந்தது.

மாட்டுக்கும் தங்கல, மாட்டைக் கட்டினவளுக்கும் தங்கல என்று மாரியாயி வாசலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னாள். ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி அவள் ராசி என்றது. குழலியும் அந்த வார்த்தையைக் கேட்டாள். மாமியாரின் கொடுமை என்று அவளுக்குக் கோபம் வந்ததே தவிர, மாட்டு டாக்டராக ஒரு நிமிஷம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. மாடும் கன்று வீசுகிறது, மாட்டுக்குப் பக்கத்தில் இருப்பவளுக்கும் கலைகிறது என்றால் அது ராசியில்லை, நோயின் அடையாளம். மாரியாயிக்குத் தெரியாமலே மாரியாயி கண்டுபிடித்துவிட்டாள். படித்தவள்தான் கோட்டைவிட்டாள்.

* * *

இதெல்லாம் குழலிக்கு உறைத்தது ஒரு வீட்டுப்பாடத்தால்.

கடைசிப் பருவத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். உங்கள் பகுதியில் உள்ள ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அது எந்த உடம்பிலிருந்து எந்த உடம்புக்குப் போகிறது என்று படம் வரைய வேண்டும். குழலி அழகாக வரைந்தாள். முதல் கட்டத்தில் கன்று வீசிய பசு. இரண்டாவதில் ஆலமரத்தில் கட்டிய நஞ்சுக்கொடி. மூன்றாவதில், அது அறுந்து விழுந்ததும் இழுத்துத் தின்னும் நாயும் நரியும். நாலாவதில் அது சிந்திய புல்லை மேயும் மான். ஐந்தாவது கட்டத்தில், பெண், வயது 28, ஒருமுறை கருச்சிதைவு.

உண்மையைச் சொன்னால், அதை எழுதும்போது சித்ராவின் முகம் அவள் கண்முன் வரவில்லை. படம் முழுமையாக வர ஐந்தாவதாக ஒரு ஆள் தேவைப்பட்டது. தெரிந்த ஆளை எடுத்துப் போட்டுவிட்டாள்.

நூற்றுக்கு எண்பத்தேழு மார்க் வந்தது. கீழே ஆசிரியை ஒரு வரி எழுதியிருந்தார். ஐந்தாவது கட்டத்தில் இருக்கும் பெண்ணுக்கு இரத்தப் பரிசோதனை செய்துவிட்டீர்களா?

குழலி லேப்டாப்பை மூடிவிட்டுப் போய் முகத்தைக் கழுவினாள்.

அது பத்தொன்பது நாளுக்கு முன்னால். அன்றைக்கே சித்ராவை இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பன்னிரண்டு நாள் அவள் கட்டுரை கட்டுரையாகப் படித்தாள். காய்ச்சல் வேறு எதனாலாவது இருக்கும் என்று தேடினாள். ஊருக்குப் போன் போட்டு, "அத்தை, சித்ராவுக்குப் பாலைக் காய்ச்சிக் குடுங்க" என்று மேலோட்டமாகச் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. காரணம் இல்லாத பேச்சை மாரியாயி எந்தக் காலத்திலும் மதித்ததில்லை.

பரிசோதனை என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். குழலி கோழையாக இருந்தாள். வேறு நல்ல வார்த்தை போட்டு இதை மூடுவதற்கில்லை.

"டோக்கன் இருபத்திரண்டு! சித்ராதேவி!"

* * *

அனுபமா ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்தார்.

"சித்ரா, உங்களுக்கு வந்திருக்கிறது மாட்டுக்கிட்டேருந்து மனுஷங்களுக்கு வர்ற ஒரு கிருமி. புருசெல்லான்னு பேரு. வீட்ல பால் காய்ச்சாம குடிப்பீங்களா?"

"அத்தை கறந்த சூட்டோட ஒரு டம்ளர் தருவாங்க டாக்டர். புள்ளைக்குச் சத்துன்னு."

"மாடு கன்னு போட்டா நீங்கதான் பக்கத்துல இருப்பீங்களா?"

"நான்தான் டாக்டர். எனக்குக் கொடிகூட எடுக்கத் தெரியும்."

கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள். அனுபமா தலையைத் திருப்பிக் குழலியைப் பார்த்தார்.

"நீங்க வெட்னரி டாக்டர்தானே?"

"ஆமா டாக்டர்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குழலிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"போன வாரம் எடுத்த ஸ்கேன்ல புள்ளைக்கு இதயத் துடிப்பு இருக்கு. ஆனா வளர்ச்சி ரெண்டு வாரம் பின்தங்கியிருக்கு. ஆறு வாரம் மாத்திரை போடணும், ஒருநாள்கூட விடக்கூடாது. டி.பி.க்குக் குடுக்கிற மாத்திரைதான், பேரைக் கேட்டு பயந்துடாதீங்க. யூரின் ஆரஞ்சு கலர்ல போகும், அதுக்கும் பயப்படாதீங்க. வீட்ல எல்லாரும் டெஸ்ட் எடுத்துக்கணும்."

"புள்ள தங்கிடுமா டாக்டர்?"

"நான் வாக்குக் குடுக்க முடியாதும்மா. முயற்சி பண்ணலாம். லேட்டாத்தான் வந்திருக்கீங்க."

லேட்டாத்தான். குழலி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சித்ரா அடுத்துக் கேட்ட கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

"அப்போ... போன தடவையும் இதனாலதானா?"

"அப்ப யாரும் டெஸ்ட் எடுக்கல. அதனால உறுதியா சொல்ல முடியாது. ஆனா இருக்கலாம்."

சித்ரா தன் கைகளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

"அப்போ என் ராசி இல்லையா டாக்டர்?"

* * *

மண்ணச்சநல்லூர் தாண்டும்வரை காரில் சித்ரா போனில் பேசிக்கொண்டே வந்தாள். லாரியில் எங்கோ போய்க்கொண்டிருந்த செந்தமிழனிடம் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அதையே சொன்னாள்.

"என் ராசி இல்லையாம்ங்க. சீக்காம். மாத்திரை குடுத்திருக்காங்க. ஆமா, அக்காதான் கண்டுபிடிச்சாங்க."

போனை வைத்ததும் குழலி ஆரம்பித்தாள்.

"சித்ரா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் முதல்ல சொல்லிக்கிறேன்க்கா. நீங்க இல்லன்னா இது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? ஊர்ல எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்ப்பாங்க. வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடுறதையே நிறுத்திட்டாங்க, தெரியுமா? கூப்பிட்டாலும் பின்னாடி உக்கார வைப்பாங்க. உங்க படிப்புதான்க்கா என்னைக் காப்பாத்துச்சு. நரிக்கு வைத்தியம்னு அத்தையோட சேர்ந்து நானும் சிரிச்சிருக்கேன். மன்னிச்சுக்கோங்க."

குழலிக்கு ரோடு மங்கலாகத் தெரிந்தது. எதிரே வந்த நெல் லாரிக்கு வழிவிட்டு ஓரம் கட்டினாள். வண்டியை மறுபடி கிளப்பினாள்.

"நீங்க என்னமோ சொல்லணும்னீங்களே?"

"மாத்திரையை வெறும் வயித்துல போடணும். அதான்."

* * *

புளியங்கரட்டில் கார் நின்றபோது மணி மூன்று இருக்கும். சித்ரா இறங்கியதும் நேரே கொட்டகைக்குத்தான் போனாள். அவள் போகிற சத்தம் கேட்டாலே பவுனு கத்தும். இன்றைக்குச் சத்தம் இல்லை.

முளைக்குச்சியில் கயிறு இல்லை. கன்றுக்குட்டியையும் காணோம். சாணம் அள்ளித் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

"அத்தை! பவுனு எங்க?"

மாரியாயி கூடத்திலிருந்து வந்தாள். ஒல்லியான, நேராக நடக்கிற பெண்மணி. யார் கண்ணையும் பார்த்துப் பேசுகிறவள் இன்றைக்குச் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"கறவை மாடு தேடிட்டிருந்த பிச்சமுத்துக்குக் குடுத்துட்டேன். நீ பஸ் ஏறினதும் வந்து கன்னோட ஓட்டிட்டுப் போயிட்டாரு."

"அது எங்கம்மா குடுத்த மாடு, அத்தை!"

"அதான் நீ இல்லாதப்ப குடுத்தேன். இருந்தா விட்டிருப்பியா? அந்த மாட்டைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு ஐப்பசி ஞாபகம்தான் வருது. வயித்துல இருக்கிறதாவது தங்கட்டும்டி. ராசியில்லாத மாடு வீட்டை விட்டுப் போகட்டும்."

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாட்டுக்குச் சீக்கு அத்தை. அதுகிட்டேருந்து எனக்கு வந்திருக்கு. டாக்டரே சொன்னாங்க."

"நான் நாப்பது வருஷமா மாட்டோடதான் கிடக்கேன். எனக்கு என்ன வந்துச்சு?"

"காய்ச்சாத பால்ல வருமாம்."

சித்ரா கோபத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது.

மாரியாயி கழுவிவிட்ட ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தானே குடுத்தேன். தினம் காலைல எங்கையால குடுத்தேனே. வேண்டாம் அத்தை, குமட்டுதுன்னு சொன்னா. அதட்டி அதட்டிக் குடிக்க வெச்சேனே!"

தலையில் அடித்துக்கொண்டாள். நிஜமான அடி. சித்ரா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். ஒருத்தி பேரப்பிள்ளைக்காக மாட்டை விற்றவள், இன்னொருத்தி அந்த மாட்டுக்காக அழுதவள். இரண்டு பேரும் இப்போது ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

குழலி கொட்டகைக் கால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்துவிடும். பழி போய் உட்கார ஓர் இடம் கிடைத்துவிட்டது. மாரியாயி தன் ஆயுசு முழுக்க அதைச் சுமப்பாள். சித்ரா மன்னித்தும் விடுவாள். குழலி படிப்பை முடித்துப் பட்டம் வாங்குவாள். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை.

"அத்தை, அழாதீங்க. பாலுக்கு முன்னாலயே இது வந்திருக்கு."

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"போன ஆடிக்கு முந்தின ஆடியில பவுனு கன்னு வீசுச்சே, அன்னைக்கு. சித்ரா என்னை வரச் சொல்லிக் கூப்பிட்டா. நான் வரல. வீடியோ கால்ல சொல்லி வெறுங்கையால கொடியை எடுக்க வெச்சேன். கிளவுஸ் இல்லன்னா. பரவாயில்லன்னேன். எனக்குத் தெரியும் அத்தை, வெறுங்கையால தொடக்கூடாதுன்னு. படிச்சவ, எனக்குத் தெரியும்."

"வேலையா இருந்திருப்ப. ஆஸ்பத்திரியில..." என்றாள் மாரியாயி.

"வேலையில்ல. ஞாயித்துக்கிழமை. மூணு மணிக்கு எனக்குப் பரீட்சை இருந்துச்சு."

குழலி நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வராது என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னொண்ணும் இருக்கு. இந்தச் சீக்கா இருக்கும்னு பத்தொன்பது நாளா எனக்குச் சந்தேகம். அன்னைக்கே உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கணும். பயந்துக்கிட்டுப் பன்னெண்டு நாள் சும்மா இருந்துட்டேன். லேட்டா வந்திருக்கீங்கன்னு டாக்டர் சொன்னது உன்னை இல்ல, என்னை."

மாரியாயி மூத்த மருமகளையும் இளைய மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சித்ரா மெல்ல எழுந்தாள். சேலையில் ஒட்டிய ஈரத்தைத் தட்டினாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம் என்று குழலிக்குத் தோன்றியது. காரில் சிரித்துக்கொண்டு வந்த முகம் அது இல்லை.

"அன்னைக்குப் பரீட்சையில பாஸ் பண்ணிட்டீங்களாக்கா?"

"பண்ணிட்டேன்."

"நல்ல மார்க்கா?"

"நல்ல மார்க்குதான்."

சித்ரா தலையை ஆட்டிக்கொண்டாள். ஏதோ கணக்குச் சரியாக வந்துவிட்ட மாதிரி. உள்ளே போனாள். தண்ணீர் மொள்ளும் சத்தமும், மாத்திரை அட்டை கிழிபடும் சத்தமும் கேட்டன. அவள் மாத்திரையை விழுங்கிவிட்டாள் என்பது மட்டும் குழலிக்கு ஆறுதலாக இருந்தது. தனக்கு ஆறுதல் தேடிக்கொள்ள உரிமை இல்லை என்றும் தோன்றியது.

மாரியாயி திடீரென்று நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ, குழலி! பிச்சமுத்து எதுக்குக் கறவை மாடு கேட்டாரு தெரியுமா? அவர் மக பிரேமலதா பிரசவத்துக்கு வந்திருக்கா. ஏழு மாசம். அவ குடிக்கத்தான் பால் வேணும்னு ஓட்டிட்டுப் போனாரு. சாயங்காலக் கறவையிலேருந்து குடுக்கணும்னாரு."

"வீடு எங்க அத்தை?"

"உப்பிலியபுரம் தாண்டி, மலை ஓரமா தோட்டத்துல. மண் ரோடு. நல்ல மாடுன்னு நான்தானே சத்தியம் பண்ணிக் குடுத்தேன்!"

மணி மூன்றே கால். நாலரைக்குக் கறப்பார்கள். போனால் பிச்சமுத்து என்ன சொல்வார்? சீக்கு மாட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள், அதுவும் வீட்டிலேயே மாட்டு டாக்டரை வைத்துக்கொண்டு, என்று ஊரைக் கூட்டுவார். குழலியின் வேலைக்குக்கூட ஆபத்து வரலாம்.

நாலு மணிக்கு அவளுக்கு இணைய வகுப்பு வேறு இருந்தது. கடைசி வாரம். கட்டாயம் இருக்க வேண்டிய வகுப்பு.

குழலி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"அவர் நம்பர் சொல்லுங்க அத்தை. முதல்ல பாலைக் கறக்க வேண்டாம்னு சொல்லிடறேன். அப்புறம்..."

"போன் பண்ணாதீங்கக்கா."

வாசற்படியில் சித்ரா நின்றிருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. குரல் உயரவில்லை.

"அங்கயாவது நேர்ல போங்க."